புல் தின்னும் நாட்களுக்குள் முடிவெடுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறோம். பத்து வயது மகள் வளர்க்கும் இரண்டு பெண் கினிப்பன்றிகளில் மூத்தவளான பொம்மிக்கு மூன்றரை வயது. மூன்று வாரங்களாகச் சிறுநீரில் இரத்தம் கலந்து வருகிறது; சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் கூனிக்கொண்டு கீச்சிடுகிறாள். பாலக்காட்டில் காட்டியபோது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், சிறுநீர்ப்பையில் பச்சைப்பயறு அளவில் ஒரு கல் இருப்பதாகவும், வயிற்றைத் திறந்துதான் எடுக்க முடியும் என்றும் கூறினார். அவர் தந்த வலி மருந்தில் ஒரு வாரம் தேறியிருந்தாள். இப்போது மறுபடியும் இரத்தம். 900 கிராம் இருந்தவள் 820 கிராமுக்கு இறங்கிவிட்டாள். புல் தின்கிறாள், பெல்லட் என்னும் குச்சித் தீவனத்தைத் தொடுவதில்லை. பொள்ளாச்சியில் 500 ரூபாய்க்கு வாங்கியதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதா என்கிறார் கணவர். கல்லூர்வஞ்சிக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தால் கல் கரைந்துவிடும் என்கிறார் மாமியார். ஊசி போட்டு முடித்துவிடுவது பாவம் என்றும் சொல்கிறார். மகளின் முழுப்பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடலாமா? அறுவை சிகிச்சை செய்வதானால் மண்ணுத்திக்குப் போவதா, கோயம்புத்தூருக்கா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பவற்றைக் கொண்டு பார்த்தால் பொம்மிக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்பதே என் கருத்து. செய்வதானால் இந்த வாரத்திலேயே செய்ய வேண்டும். பரீட்சை முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம். நேரில் பார்க்காத ஓர் உயிரைப் பற்றி இவ்வளவு உறுதியாக எழுதுவதற்குக் காரணம், அவள் இன்னும் புல் தின்கிறாள் என்று நீங்கள் எழுதிய ஒரே வரிதான். அந்த வரி மாறிவிட்டால் என் ஆலோசனையும் மாறிவிடும். ஆகவே ஏன் அப்படி என்பதை முதலில் விளக்குகிறேன்.

கினிப்பன்றியின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. அது தின்னும் புல்லின் நார், பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டுத்தான் உணவாகிறது. உள்ளே புதிதாக நார் செல்வது நின்றால் ஒரு நாளுக்குள்ளேயே குடலின் அசைவு தளர்ந்து, வாயு சேர்ந்து, தீய நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன; ஈரலில் கொழுப்பும் படிகிறது. நோயுற்ற கினிப்பன்றிகள் பல, மூல நோயைவிட இந்தப் பட்டினியாலேயே இறக்கின்றன. வலி வந்தால் உணவு குறையும், உணவு குறைந்தால் குடல் நிற்கும், குடல் நின்றால் வலி கூடும். பொம்மி பெல்லட்டை விட்டுவிட்டாள், எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டாள் என்றால் இந்தச் சுழலின் வாசலில் அவள் நிற்கிறாள் என்று பொருள். இன்று மயக்க மருந்தைத் தாங்கும் உடல் மூன்று வாரம் கழித்துத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

கல்லூர்வஞ்சிக்குக் கேரள ஆயுர்வேதத்தில் கல்லடைப்புக்கான மருந்தாக நெடுநாளைய இடம் உண்டு. உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் மனிதர்களுக்கு உண்டாகும் கற்களில் பெரும்பாலானவை ஒரு வகை, கினிப்பன்றிக்கு உண்டாவது வேறு வகை. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது இந்த விலங்கின் இயல்பு. ஆரோக்கியமான கினிப்பன்றியின் சிறுநீரே சற்றுக் கலங்கலாகவும், காய்ந்தால் வெண்மையாகப் படிவதாகவும் இருப்பது அதனால்தான். அந்தச் சிறுநீர் காரத்தன்மை உடையதாகையால் கால்சியம் கார்பனேட் எளிதில் திரண்டு கல்லாகிறது. இந்தக் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றைய கால்நடை மருத்துவத்தில் இல்லை, எடுத்தால்தான் உண்டு. கஷாயத்தைச் சிரிஞ்சில் வலுக்கட்டாயமாகப் புகட்டும்போது அது மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, கரையும் கரையும் என்று காத்திருந்து தொலைக்கும் நாட்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. சிறுநீர் வெளிவரும் குழாயின் நுனிக்கு அருகில் கல் வந்து நின்றிருந்தால், பெண் கினிப்பன்றியில் வயிற்றைத் திறக்காமலேயே, மயக்கத்தில் வைத்து அதை வெளியே எடுக்க முடிவதுண்டு. சிறுநீர்ப்பைக்குள் இருந்தால் வயிற்றின் நடுக்கோட்டில் கீறி, பையைத் திறந்து, கல்லை எடுத்து, உள்ளே தங்கிய மணலையும் கழுவி, கரையும் நூலால் தைப்பார்கள். சிறுநீரகத்திலோ, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் மெல்லிய குழாயிலோ கல் இருந்தால் கதை வேறு. அவ்வளவு சிறிய உடலில் அந்த இடத்தில் கை வைப்பது மிகக் கடினம், பலன் குறைவு. ஸ்கேனில் இன்னொன்றும் தெரியவரும். மூன்று வயது தாண்டிய பெண் கினிப்பன்றிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி உண்டாவது மிகச் சாதாரணம். கருப்பைக் கோளாறாலும் சிறுநீரோடு இரத்தம் கலந்து வருவது போலத் தோன்றும். கல்லோடு கட்டியும் இருக்கிறது என்பது முன்பே தெரிந்தால், ஒரே மயக்கத்தில் இரண்டையும் கவனிப்பதா, நேரத்தை நீட்டாமல் கல்லோடு நிறுத்திக்கொள்வதா என்பதை அறுவை மருத்துவர் அமைதியாக யோசித்து முடிவு செய்யலாம்.

ஆபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பல கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளைத் திரட்டி 2008-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வொன்றில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட கினிப்பன்றிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 4, அந்த மயக்கத்தின்போதோ அடுத்த இரண்டு நாட்களுக்குள்ளோ அதனால் இறந்தன. நாய்களில் இது 600-இல் ஒன்று அளவுதான். அந்த 4 என்பது நலமாக இருந்தவை, நோயுற்றவை எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. ஆகவே பொம்மியைப் போல எடை இழந்த நோயாளிக்கு ஆபத்து அதைவிடக் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய உடல் விரைவில் சூட்டை இழந்துவிடுகிறது. தொண்டையின் வழி குறுகலாக இருப்பதால் சுவாசக் குழாய் பொருத்துவது கடினம். விழித்தெழுந்த பின் குடல் அசையத் தாமதித்தால் அதுவே புதிய நோயாகிவிடுகிறது. இவை மூன்றும் தெரிந்த மருத்துவரின் கையில் ஆபத்து கணிசமாகக் குறைகிறது. நாய், பூனை, பசு ஆகியவற்றை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இந்த வேலையை அவரிடம் ஒப்படைக்க நான் தயங்குவேன்.

மண்ணுத்தியா, கோயம்புத்தூரா என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. மண்ணுத்தியில் இருப்பது கேரள கால்நடை மற்றும் விலங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி; 1955 முதல் நடக்கும் பழைய கல்லூரி. அறுவை, மயக்கவியல், ஸ்கேன் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது போதனை மருத்துவமனைகளின் பலம். ஆனால் பாலக்காடு, வடக்கஞ்சேரி, குதிரான் வழியாகப் போக வேண்டும். போய்வருவதிலேயே ஒரு பகல் கழிந்துவிடும். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் உங்களுக்கு அதில் பாதித் தொலைவு. அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று முறை காட்ட வேண்டியிருக்கும் என்பதால், தகுதியான மருத்துவர் கிடைத்தால் அருகிலிருப்பது நல்லது. இரண்டு இடங்களுக்கும் முதலில் தொலைபேசியில் பேசுங்கள். கினிப்பன்றிக்கோ முயலுக்கோ சிறுநீர்ப்பை அறுவை செய்த அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அனுபவமுள்ளவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் வாயு உண்டா, அறுவையின்போதும் பிறகும் உடலைச் சூடாக வைத்திருக்க என்ன ஏற்பாடு, எழுந்த பின் வலி மருந்து எத்தனை நாள் தருவார்கள் என்றும் கேளுங்கள். முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போடுங்கள் என்று எவராவது சொன்னால், அந்த இடம் கினிப்பன்றிக்குப் பழகிய இடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நாய்க்கும் பூனைக்கும் வாந்தி வரும் என்பதால் பட்டினி வைக்கிறோம். கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவே முடியாது, நீண்ட பட்டினி அதற்குத் தீங்கு மட்டுமே செய்யும்.

இரத்தப்போக்கோடு சிறுநீர்த் தொற்றும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் என்பதால் ஆன்டிபயாடிக் தருவார்கள். இதில் ஓர் எச்சரிக்கையை உங்கள் வீட்டில் அனைவருக்கும் சொல்லி வையுங்கள். மனிதக் குழந்தைகளுக்குத் தரும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டமைசினும் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, சில நாட்களில் உயிரையே பறித்துவிடும். வீட்டில் மீந்திருக்கும் சிரப்பையோ, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதையோ ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்த பிறகு, ஸ்கேனில் தெரியாத பெரிய புற்றுக்கட்டியோ சரிசெய்ய இயலாத அடைப்போ இருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? அந்த நிலையில் அவளை மயக்கத்திலிருந்து எழுப்பாமலேயே விடுவதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா என்பதைக் கணவரும் நீங்களும் முந்தைய இரவே பேசி, ஒரே பதிலோடு போங்கள். மருத்துவர் கையுறையோடு வெளியே வந்து கேட்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எவராலும் சரியாகச் சிந்திக்க முடியாது.

அடுத்ததே நான் உங்களிடம் அழுத்திக் கேட்க விரும்புவது. அறுவைக்குப் பிந்தைய பத்து நாட்களுக்கு உங்கள் வீட்டில் யாருடைய கைகள் இருக்கின்றன? கல்லை எடுப்பது மருத்துவரின் ஒரு மணி நேர வேலை. பொம்மியைப் பிழைக்கவைப்பது வீட்டில் நடக்கும் வேலை. அவள் தானாகத் தின்னத் தொடங்கும்வரை, பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக மசித்து ஆறவிட்டோ, மருத்துவர் தரும் மீட்புணவுப் பொடியைக் கரைத்தோ சிறு சிரிஞ்சில் புகட்ட வேண்டும். அவளுடைய எடைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிலிட்டர்வரை, ஐந்தாறு வேளைகளாகப் பிரித்து, இரவு படுக்கும் முன் ஒரு வேளையும் விடியுமுன் ஒரு வேளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டக் கூடாது. மடியில் இயல்பாக உட்காரவைத்து, வாயின் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, மெல்ல மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த துளியைத் தர வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சமையலறை மின்தராசு போதும். புழுக்கை எண்ணிக்கையில் குறைகிறதா, அளவில் சிறுக்கிறதா என்று கவனியுங்கள். எடையைவிட அது முன்னதாகச் செய்தி சொல்லும். மூலையில் கூனி உட்கார்ந்து, மயிர் சிலிர்த்து, பற்களை நறநறவென்று அரைத்தால் வலி அடங்கவில்லை என்று பொருள்; வலி மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டி மருத்துவரை உடனே அழையுங்கள்.

காயம் ஆற வைட்டமின் சி இன்றியமையாதது. நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் அதை உடலில் தயாரிக்க முடியாது. ஆரோக்கியமான நாட்களிலேயே உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் நாள்தோறும் தேவை. அறுவைக்குப் பிறகு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். குடைமிளகாய்த் துண்டும் சிறிது கொய்யாவும் நன்றாக உதவும். இரண்டாவது கினிப்பன்றியை வேறு அறைக்கு மாற்ற வேண்டாம். கூண்டின் நடுவே ஒரு கம்பி வலையை வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் விடுங்கள். கூட்டமாக வாழும் பிராணி தனிமையில் உணவை வெறுக்கும்.

நீங்களும் கணவரும் வேலைக்குப் போய், பகலெல்லாம் வீட்டில் மாமியார் மட்டும் இருப்பாரானால், ஊட்டும் முறையை அவருக்கும் கற்றுக்கொடுங்கள். கல் கரைய வேண்டும் என்று கஷாயம் காய்ச்ச முன்வந்த கைகள் இதற்கும் முன்வரும் என்று நம்புகிறேன். பத்து நாளும் ஆள் இருக்க வழியே இல்லை என்றால், அதை மருத்துவரிடம் முன்பே சொல்லி, சில நாள் அங்கேயே உள்நோயாளியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு அறுவை செய்த கினிப்பன்றியைக் கொண்டுவருவதைவிட, அறுவையே செய்யாமல் வலியைத் தணித்து வழியனுப்புவது அவளுக்கு நல்லது.

செலவைப் பற்றிக் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. குடும்பத்தின் வரவுசெலவைக் கருதாமல் எந்த மருத்துவரும் ஆலோசனை சொல்லக் கூடாது. ஆனால் 500 ரூபாய் என்பது கடைக்காரருக்குக் கொடுத்த விலை. இப்போது எடைபோட வேண்டிய கணக்கில் அதற்கு இடமில்லை. நன்றாகப் பேணப்படும் கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். பொம்மி தேறினால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கிடைக்கக்கூடும். கல் மறுபடி வரும் வாய்ப்பும் கணிசமாக உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள். ஸ்கேன், அறுவை, மருந்து, மறுபரிசோதனை எல்லாவற்றுக்குமான உத்தேசச் செலவை எழுத்தில் வாங்கி, அதைக் கடனில்லாமல் தாங்க முடியுமா என்று இருவரும் பாருங்கள். முடியாது என்று வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்பு குறைந்தவர்கள் என்றும் ஆகிவிடாது.

அப்படி வந்தால் மிஞ்சும் வழி கருணைக்கொலை. மாமியார் அதைப் பாவம் என்கிறார். அவர் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். கல் நகர்ந்து குழாயை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேற வழியின்றிப் பை வீங்கி, நஞ்சு உடலில் ஏறி, கடும் வலியில் ஒன்றிரண்டு நாள் துடித்துத்தான் உயிர் போகும். மருத்துவர் முதலில் மயக்கமூட்டி, உணர்வு முழுவதும் போன பிறகே இறுதி ஊசியைப் போடுவார். அறுவை சிகிச்சையும் சரி, இந்த வழியும் சரி, இரண்டுமே பொறுப்புள்ள முடிவுகள். வலி மருந்துகூடக் கொடுக்காமல் கூண்டின் மூலையில் விட்டுவைத்து, தானாகப் போகட்டும் என்றிருப்பது மட்டுமே தவறான முடிவு; வளர்ப்பவர் தன் பொறுப்பிலுள்ள விலங்குக்குத் தேவையற்ற வலி நேராமல் காக்க வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே கடமை விதிக்கிறது.

மகளிடம் எதையும் மறைக்க வேண்டாம். பரீட்சையை நினைத்து ஒளிக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் காலையும் மாலையும் புல் போடும் குழந்தைக்கு இரத்தம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வயிற்றில் கல் இருக்கிறது, எடுக்கப் போகிறார்கள், பெரும்பாலும் பிழைப்பாள், பிழைக்காமலும் போகலாம் என்று எளிய சொற்களில் சொல்லுங்கள். செய்வதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அவள் தலையில் வைக்காதீர்கள். அது பெரியவர்கள் சுமக்க வேண்டியது. எடையைக் குறிப்பேட்டில் எழுதும் வேலையை அவளிடம் கொடுக்கலாம்.

தேறிய பிறகு உணவை மாற்ற வேண்டும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, குதிரைமசால், வேலிமசால் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; உங்கள் பகுதியில் ஆட்டுக்குப் போடும் பழக்கத்தில் இவை கினிப்பன்றிக்கும் வந்துவிடுகின்றன. உணவு மட்டுமே கல்லுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், இவற்றை நிறுத்திவிட்டு அறுகம்புல், கினியாப்புல் போன்ற புல்லையே பெரும்பங்காக வையுங்கள். வெள்ளரி போன்ற நீர்ச்சத்துள்ள காய்களைக் கொடுங்கள். தண்ணீர்ப் புட்டியோடு ஒரு கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள், கிண்ணத்தில் அவை கூடுதலாகக் குடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

பயணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டு வெயில் ஏறிவரும் காலம் இது. முப்பது டிகிரிக்கு மேல் மூடிய வண்டியில் கினிப்பன்றி வெப்பத் தாக்குதலிலேயே இறந்துவிடும். விடிகாலையில் கிளம்புங்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் பழைய துண்டை விரித்து, கைநிறையப் புல்லும் ஒரு வெள்ளரித் துண்டும் வையுங்கள். இணையையும் கூடவே கொண்டுபோகலாம். பாலக்காட்டில் எடுத்த எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, இதுவரை குறித்த எடைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். நாள் குறிக்கும்வரை வலி மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து தீர்ந்திருந்தால் பாலக்காட்டு மருத்துவரிடமே கேட்டு இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் பன்னிரண்டு மணி நேரம் புல்லைத் தொடவில்லை என்றாலோ, முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றாலோ குறித்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் பேசிவிட்டு அப்போதே புறப்படுங்கள்.